பூண்டுக் கஷாய விவகாரம்: ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்

அந்தப் பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, வினிகர் கஷாயம் பற்றி இன்னும் எத்தனை பேர் இன்பாக்ஸில் வந்து எனக்குப் பாடம் எடுக்கப் போகிறீர்கள்? அதைக் குடித்தால் ரத்தத்தில் கொழுப்பு குறையும் என்று குடும்பக் குழுவில் ஃபார்வர்ட் வந்தது. நான் கேட்டது ஒரே கேள்வி: இதை யாராவது சோதித்துப் பார்த்தார்களா? உடனே நான் மருந்துக் கம்பெனியின் கைக்கூலி ஆகிவிட்டேன். கூலி இன்னும் வந்து சேரவில்லை.

சோதிக்கச் சொல்வது அவமதிப்பு இல்லை. குக்குலு என்ற மரப்பிசின் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையில் உடல் பருமனைப் பற்றிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, 1966இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி.வி. சத்யவதி முயல்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் கொழுப்பு குறைந்தது. பிறகு லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து மருந்தே தயாரித்தது. ஆக, முதலில் சோதித்தது நம்மவர்கள்தான், வெள்ளைக்காரன் இல்லை. ஆனால் 2003இல் அமெரிக்காவில் 103 பேரில் சிலருக்குக் குக்குலுவும் சிலருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று சாப்பிட்டவர்களுக்கே தெரியாது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால், குக்குலு சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 4, 5 சதவீதம் ஏறியிருந்தது!

“அவங்க உடம்பு வேற, சாப்பாடு வேற” என்பீர்கள். சரி, இங்கேயே சோதியுங்கள். நானும் அதைத்தானே சொல்கிறேன்?

பூண்டையும் விட்டுவைக்கவில்லை. 2007இல் ஸ்டான்ஃபோர்டில் 192 பேரை வைத்து, பச்சைப் பூண்டை சாண்ட்விச்சில் வைத்தும், பூண்டு மாத்திரையாகவும் ஆறு மாதம் கொடுத்தார்கள். கெட்ட கொழுப்பு அசையவே இல்லை. “எங்க மாமாவுக்குக் குறைஞ்சுதே?” குறைந்திருக்கும். அதே மாதம் அவர் வடையை விட்டார், காலையில் நடக்கவும் ஆரம்பித்தார். பேர் மட்டும் பூண்டுக்கு.

நாட்டு மருந்தெல்லாம் பொய் என்றா சொன்னேன்? சீனர்களின் சிவப்பு ஈஸ்ட் அரிசி, அதாவது ஒருவகைப் பூஞ்சை சேர்த்துப் புளிக்கவைத்த அரிசி, வேலை செய்கிறது. காரணம், அதில் இருக்கும் மோனகோலின் கே என்பது லோவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையில் இருக்கும் அதே பொருள். அப்படியானால் பக்கவிளைவும் அதேதான். “இயற்கை, ஒன்றும் செய்யாது” என்பவர்களுக்கு இதற்குமேல் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டீர்கள். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ஃபிரிட்ஜில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய கஷாயம். திறந்தால் பால்கூட பூண்டு வாடை அடிக்கிறது. மாத்திரை அட்டையோ பூஜை அலமாரியில், விபூதி டப்பாவுக்குப் பின்னால், பிரிக்காமல் கிடந்தது. கேட்டால், “அண்ணன் பையன் அனுப்பிச்சான், அவனுக்குத் தெரியாதா?” என்கிறார். பக்கத்திலேயே இருந்து டாக்டரிடம் கூட்டிப் போகிற மகளுக்குத் தெரியாது. துபாயிலிருந்து ஃபார்வர்ட் செய்கிறவருக்குத் தெரியும்!

அந்தத் துபாய் அண்ணன் இன்றும் தவறாமல் ராத்திரி கொழுப்பு மாத்திரை போடுகிறார். அண்ணியே சொன்னார். இதைக் குழுவில் கேட்டேன். பதில் வரவில்லை, என்னை நீக்கிவிட்டார்கள்.