அந்த ‘எண்டு’ எங்கே போனது?

மூன்று நாளாகப் பொறுத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை எங்கள் வாசிகசாலை வாசலில் இரண்டு பெடியள் அந்தக் காணொளியைப் போனில் போட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. எந்தக் காணொளி என்று சொல்லத் தேவையில்லை. என் நட்பு வட்டத்தில் பாதிப் பேர் பகிர்ந்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே நீங்கள் எழுதியதையும் வாசித்தேன். அதில் பேசும் மனிதருக்கு வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் முகநூல் பார்ப்பார்கள்.

காணொளி 11 செக்கன். யாழ்ப்பாணத்தில் எங்கள் பிரதேச சபை உறுப்பினர் மைக்கைப் பிடித்துக்கொண்டு “எங்கட வயல் காயேக்க யாழ்ப்பாணத்தாருக்கு ஏன் தண்ணி?” என்கிறார். அடுத்ததாக “அதில நியாயம் இருக்கு” என்கிறார். அவ்வளவுதான். மேலே சிவப்பு எழுத்தில் தலைப்பு: யாழ் மக்களுக்குத் தண்ணீர் எதற்கு? உறுப்பினரின் ஆணவப் பேச்சு அம்பலம்!

நான் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தேன். வாசிகசாலைச் செயலாளர் என்ற முறையில் கூட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. எழுதும்போது ஏதும் தவறிவிடக்கூடாது என்று போனில் முழுவதையும் ஒலிப்பதிவு செய்வேன். அவர் கதைத்தது 22 நிமிடம். அதில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கிளிநொச்சியில ஒரு வயசுபோன விவசாயி என்னைக் கேட்டவர், எங்கட வயல் காயேக்க யாழ்ப்பாணத்தாருக்கு ஏன் தண்ணி எண்டு. எனக்குப் பதில் சொல்லத் தெரியேல்ல. அதில நியாயம் இருக்கு. ஆனா எங்கட கிணத்துத் தண்ணியை எங்கட பிள்ளையளுக்குக் குடிக்கக் குடுக்கவும் ஏலாமல் கிடக்கு. ரெண்டு பக்கத்தையும் ஒரு மேசையில இருத்திக் கதைக்கோணும்.”

இதுதான் பேச்சு. வெட்டியவர்கள் முன்னால் இருந்த ‘கேட்டவர்’ என்பதை எடுத்தார்கள். பின்னால் இருந்த ‘எண்டு’, அதாவது ‘என்று’ என்பதை எடுத்தார்கள். நடுவில் ஒரு வசனத்தை எடுத்தார்கள். கடைசி இரண்டு வசனங்களையும் எடுத்தார்கள். தமிழில் ஒரு ‘எண்டு’ போனால் இன்னொருவர் சொன்னது நீங்கள் சொன்னதாகிவிடும். வெட்டியவருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

தண்ணீர் விஷயம் இங்கே எவ்வளவு நுட்பமானது என்று வெளியில் இருப்பவர்களுக்கு விளங்காது. எங்களுக்குப் பெரிய ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் தேங்கும் மழைநீர்தான் குடிநீர். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் மிதந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் இருந்து இங்கே குழாய் போடும் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் கொடுத்தும், கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததால் அது அப்படி நடக்கவில்லை. கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் திட்டத்துக்குப் போனார்கள். அந்த விவசாயிகளின் பயத்தில் உண்மை இருந்தது. எங்கள் தாகத்திலும் உண்மை இருந்தது. இரண்டையும் ஒரே மேடையில் சொல்லத் துணிந்த ஒரு ஆளை இந்த ஊரில் நான் முதல்முறையாகப் பார்த்தேன். அவரைத்தான் மூன்று நாளில் முடித்துவிட்டார்கள்.

திரும்பவும் சொல்கிறேன்: முழுப் பேச்சையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். கேட்ட பிறகும் பிழையாகத் தெரிந்தால் திட்டுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

“நீ அவருடைய ஆள், அதுதான் எழுதுகிறாய்” என்று சொல்வீர்கள். உள்பெட்டியில் ஏற்கெனவே இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். நான் அவருக்கு வாக்குப் போடவில்லை. அவருடைய கட்சிக்கும் போடவில்லை. எங்கள் ஒழுங்கையின் மதகு விஷயத்தில் அவருடன் சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருக்கிறேன், அதற்கு ஊரே சாட்சி. சண்டை பிடித்த ஒருவருக்காக நியாயம் கதைக்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

இது காணொளிக் காலத்தில் வந்த நோயும் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து பார்க்கிறேன். ஒரு தலைவர் ஒன்றைச் சொன்னால் பத்திரிகையில் அவர் ‘தெரிவித்தார்’ என்று வரலாம். அதே வார்த்தைக்கு ‘ஒப்புக்கொண்டார்’ என்றும் வரலாம், ‘புலம்பினார்’ என்றும் வரலாம், ‘சீறினார்’ என்றும் வரலாம். பேச்சில் ஒரு எழுத்தும் மாறாது. வாசிகசாலை மேசையில் அதை விரித்து வாசிப்பவர் முதலாவது சொல்லோடு ஒருவிதமாகவும் மூன்றாவது சொல்லோடு வேறுவிதமாகவும் எழுந்து போவார். படமும் அப்படித்தான். நூறு படம் எடுத்திருப்பார்கள். பிடித்த தலைவருக்குக் கும்பிடுகிற படம், பிடிக்காதவருக்கு வாய் கோணிய படம். பத்திரிகை முதலாளியே பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்த மாவட்டம் இது. அதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த சம்பந்தன் ஐயாவை எடுங்கள். 1977இல் முதல் தடவை பாராளுமன்றம் போனவர், 2015இல் எதிர்க்கட்சித் தலைவரானவர். 2012 மே தினத்தில் யாழ்ப்பாணத்தில் இலங்கைத் தேசியக் கொடியான சிங்கக்கொடியைக் கையில் பிடித்த படம் ஒன்று வந்தது. அந்தப் படம் பொய் இல்லை, பிடித்தார். அது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் 2024 ஜூன் 30இல் அவர் இறந்தபோது என் முகநூலில் முதலில் வந்தது என்ன தெரியுமா? அதே படம். தொண்ணூறு வயது தாண்டிய ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதுக்கும் ஒரு படம். தெற்கில் அதே மனிதரைப் பிரிவினைவாதி என்றார்கள், இங்கே விலைபோனவர் என்றார்கள். இரண்டு பக்கத்திலும் அவருடைய பேச்சை முழுதாக வாசித்தவர் எத்தனை பேர்? பாராளுமன்ற இணையத்தளத்தில் பேச்சுகளின் பதிவான ஹன்சாட் கிடக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. நான் சிலதை வாசித்தேன். அதன் பிறகும் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அது வேறு கோபம், நானே வாசித்து வந்த கோபம்.

இன்னும் பின்னுக்குப் போனால் கை நடுங்கும். துரையப்பா விளையாட்டரங்கில் இப்போது பந்து விளையாடும் பிள்ளைகளிடம் அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்த பிள்ளைகள் ஒரே ஒரு சொல்தான் சொல்வார்கள். அல்பிரட் துரையப்பா இந்த நகரத்தின் மேயர். 1975 ஜூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் செய்தது சரியா பிழையா என்று எந்த மன்றத்திலும் விசாரிக்கப்படவில்லை. மேடையும் துண்டுப் பிரசுரமும் வாய்க்கதையும் தீர்ப்பை முன்னமே எழுதிவிட்டன. தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கம் ஐயாவுக்கு இதே ஊரில் பெடியள் விரலைக் கீறி இரத்தப் பொட்டு வைத்தார்கள். 1989 ஜூலையில் கொழும்பில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இரத்தப் பொட்டுக்கும் அந்தச் சாவுக்கும் இடையில் அவரைப் பற்றி எழுதப்பட்ட சொற்களை அடுக்கிப் பாருங்கள். ‘துரோகி’ என்ற சொல்லை நாங்கள் எவ்வளவு சுலபமாகப் பாவிக்கிறோம். இந்தக் காணொளியின் கீழும் அது கிடக்கிறது, நான் எண்ணினேன், முப்பதுக்கு மேல். அந்தச் சொல் இந்த மண்ணில் என்ன செய்தது என்று தெரிந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது.

“ஊடகக்காரர்கள் இரத்தம் சிந்திய மண்ணில் ஊடகத்தைக் குறைசொல்ல உனக்கு என்ன தகுதி?” இந்தக் கேள்விக்கு முன்னால் நான் தலைகுனிந்துதான் பதில் சொல்வேன். 1981இல் யாழ் நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அச்சகமும் எரிந்தது. 2000 ஒக்டோபரில் ஊடகவியலாளர் நிமலராஜனை அவருடைய வீட்டிலேயே கொன்றார்கள். 2006 மே 2இல் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். அந்த நாட்களில் விடியப் பத்திரிகை வருமா வராதா என்று பார்த்து நின்றவர்களில் நானும் ஒருவன். வந்தால் ஒரு மூச்சு வரும். உண்மையை எழுதியதற்காக அவர்கள் செத்தார்கள். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது. அவர்கள் உயிரைக் கொடுத்துச் சம்பாதித்துத் தந்த நம்பிக்கையை 11 செக்கனுக்கு விற்கிறார்கள். செய்தி என்று போட்டால் சனம் நம்புகிறது என்றால், அந்த நம்பிக்கை நிமலராஜன் போன்றவர்கள் விட்டுப்போன சொத்து.

“அப்போ அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறாயா?” இல்லை. இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024இல் வந்தபோது எதிர்த்து எழுதியவன் நான், பழைய பதிவுகளைப் பாருங்கள்.

“அரசியல்வாதிகளும் ஊடகத்தைப் பாவிக்கிறார்கள்தானே?” பாவிக்கிறார்கள். அதற்காக?

ஒரு நண்பர் நேற்றுத் தொலைபேசியில் கேட்டது கொஞ்சம் யோசிக்க வைத்தது. ஊடகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் அநுர எப்படி வென்றார் என்றார். 2019 ஜனாதிபதித் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது மூன்று வீதம் அளவில். ‘மூன்று வீதம்’ என்பதே அவருக்குப் பட்டப்பெயராக இருந்தது. 2024இல் அவர் ஜனாதிபதி. அதே வருடப் பாராளுமன்றத் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் ஆறு ஆசனத்தில் மூன்று அவருடைய அணிக்குப் போனது. ஆள் அதே ஆள். நண்பர் சொன்னதில் பாதி சரி. சனம் வயிறு காய்ந்தபோது தாங்களாகவே முடிவெடுத்தார்கள். மற்றப் பாதியையும் பாருங்கள். பத்திரிகை போய்ப் போன் வந்தது. சாவகச்சேரி வைத்தியசாலையில் இருந்து நேரலை போட்ட மருத்துவர் அர்ச்சுனா நான்கு மாதத்தில் பாராளுமன்ற உறுப்பினரானார். அது நல்லதா கெட்டதா என்பது இன்றைய கதை இல்லை. ஏற்றிவிடும் கை மாறியிருக்கிறது, அந்தக் கைக்கு இறக்கிவிடவும் தெரியும். முன்பு ஒரு ஆசிரியர் பீடம் இருந்தது, போய்க் கேட்க ஒரு கதவு இருந்தது. இந்த 11 செக்கனை வெட்டியவர் யார் என்றே எனக்குத் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது?

கதவு இருந்த காலமும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேனோ தெரியவில்லை.

என் அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும், அப்பா பிபிசி தமிழோசை கேட்பார். பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் வரும். பின்னேரம் வாசிகசாலையில் அப்பா அதை வயதானவர்களுக்குச் சத்தமாக வாசிப்பார். ஒரு எழுத்து விடமாட்டார். அச்சில் வந்தது பொய்யாக இராது என்று நம்பிய தலைமுறை அவருடையது.

பருத்தித்துறைக்குக் கப்பலில் வந்த நிவாரண மா ஒருமுறை எங்கள் கடைக்கு நனைந்த மூட்டைகளாக வந்தது. கட்டிபட்ட மாவை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பங்கிட்டார், கணக்கிலும் எழுதினார். ஒரு பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது: நிவாரண மாவில் மோசடி, முகாமையாளர் மீது மக்கள் சந்தேகம். அப்பாவின் பெயர் இல்லை. ஊர்ப் பெயர் இருந்தது, ஊரில் ஒரு சங்கக்கடைதான் இருந்தது. அன்று பின்னேரமும் அப்பா வாசிகசாலைக்குப் போனார். பத்திரிகையை யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை.

விசாரணை இரண்டு மாதம் நடந்தது. ஒரு இறாத்தல் குறையவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்பா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குச் சைக்கிளில் போனார். மரியாதையாகத்தான் நடத்தினார்களாம், ரீ கொடுத்தார்களாம். ஒரு கிழமைக்குப் பிறகு உள்பக்கத்தில், காணி விற்பனை விளம்பரத்துக்குக் கீழே நான்கு வரி வந்தது. அம்மா அதை வெட்டித் தேவாரப் புத்தகத்துக்குள் வைத்தா. இப்போதும் என்னிடம் இருக்கிறது. அப்பா அதற்குப் பிறகு யாருக்கும் பத்திரிகை வாசித்துக் காட்டவில்லை.

அவர் 2011இல் காலமானார். செத்த வீட்டில் பந்தலுக்குக் கீழே இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள், நான் பின்னால் நின்றது அவர்களுக்குத் தெரியாது. “நல்ல மனுசன். அந்த மாப் பிரச்சினை ஒண்டுதான்” என்றார் ஒருவர். மற்றவர் “ஓம்” என்றார்.

பத்தொன்பது வருடம் கழித்து.

நேற்றுப் பின்னேரம் அந்த உறுப்பினரைச் சந்திக் கடையில் கண்டேன். பாண் வாங்க நின்றார். கடையில் நாலு பேர் இருந்தார்கள், ஒருவரும் அவருடன் கதைக்கவில்லை. என்னைக் கண்டதும் கிட்ட வந்து, “தம்பி, அண்டைக்கு நீங்கள் கூட்டத்தில இருந்தனீங்கள்தானே?” என்றார். ஓம் அண்ணை என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. பாணை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது. 22 நிமிடம், ஒரு இடத்திலும் வெட்டவில்லை. இடையில் நாய் குரைப்பதும் என் இருமலும் கேட்கும். வேண்டியவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். பகிர்ந்தவர்களுக்கு நீங்கள் கேட்காமலே அனுப்பப் போகிறேன்.