கக்கனை எத்தனை வருஷம் ஆஸ்பத்திரியிலயே படுக்க வைக்கப் போறோம்?

நேத்து ராத்திரி எங்க ஃபேமிலி குரூப்ல மாமா ஒருத்தர் மறுபடியும் அந்த ஃபார்வர்டை தட்டி விட்டுட்டார். மதுரை பெரியாஸ்பத்திரி, முதல்வர் எம்ஜிஆர் முன்னாள் மேயர் மதுரை முத்துவைப் பார்க்க வர்றார், காமராஜர் காலத்து மந்திரி கக்கனும் இங்கதான் இருக்கார்னு யாரோ சொல்றாங்க, போய்ப் பார்த்தா பொது வார்டுல கெடக்கார், பதறிப்போய் நல்ல ரூமுக்கு மாத்தச் சொல்றார். கீழ வரிசையா கும்பிடு எமோஜி. நடந்த விஷயம்தான், அதுல எனக்கு தகராறு இல்ல. ஆனா வருஷத்துக்கு வருஷம் அந்தக் கதையில ஒரு சாமான் கூடிக்கிட்டே வருது, ஒரு வருஷம் பாய் வரும், அடுத்த வருஷம் அது கிழிஞ்ச பாயா ஆயிடும்.

மனுஷன் 1908ல பொறந்து 1981 டிசம்பர் 23ல செத்தார். 73 வருஷத்துல நம்ம ஞாபகம் வச்சிருக்கறது அந்த அஞ்சு நிமிஷம் மட்டும்தானா?

நான் மேலூர்க்காரன், கக்கன் பொறந்த தும்பைப்பட்டி எங்களுக்கு பக்கத்து ஊரு மாதிரி. கக்கனோட அப்பா அந்த ஊரு கோயில்ல பூசாரி. பூசாரி வீட்டுப் பையன்தான், ஆனா பட்டியல் சாதிங்கறதால மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள கால் வைக்க அவருக்கு 31 வயசு ஆக வேண்டியிருந்துச்சு. 1939 ஜூலை 8, காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் கூட்டிட்டுப் போனார், கூடப் போனவங்கள்ல கக்கனும் ஒருத்தர். கோயில் தீட்டாயிடுச்சுன்னு பூசை பண்ண மாட்டோம்னு நின்ன பட்டர்களும் இருந்தாங்க, ராஜாஜி அரசாங்கம் அவசரச் சட்டம் கொண்டு வந்துதான் உள்ள போனவங்க மேல கேஸ் வராம காப்பாத்துச்சு. அதுக்கப்புறம் 42 வெள்ளையனே வெளியேறு போராட்டத்துல ஜெயில், அரசியல் நிர்ணய சபை மெம்பர், 52ல மதுரை எம்.பி. இதெல்லாம் ஃபார்வர்டுல ஒரு வரி கூட வராது. பாவப்பட வைக்கிற சரக்கு இதுல இல்லையே.

1957ல காமராஜர் மந்திரிசபையில பொதுப்பணித்துறை. 59ல வைகை அணை திறந்தப்ப அந்தத் துறை அவர் கையில. அணையை அவர் ஒருத்தரே கட்டினார்னு கதை விட வரல, ஆனா எங்க பக்கம் வெவசாயம் பண்றவங்களுக்கு அணை நெறஞ்சா வர்ற அந்த 71 அடி என்னன்னு தெரியும். கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதுக்கு கீழ நாங்க மேலூர் ஒருபோகம், கடைமடை. எங்க அப்பத்தா காலையில எந்திரிச்சதும் யாரையாவது பிடிச்சு "டேமுல எத்தன அடிப்பா?"ன்னுதான் கேக்கும், அப்புறந்தான் காப்பி. அந்தக் கேள்விக்குள்ள கக்கனும் இருக்கார்னு எனக்கே காலேஜ் முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுச்சு, ஸ்கூல்ல யாரும் சொல்லல.

அடுத்து 63. காமராஜர் ராஜினாமா பண்ணி பக்தவத்சலம் முதல்வராறார், கக்கன் உள்துறை மந்திரி ஆறார். இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. எத்தனையோ ஊர் டீக்கடையில தனி கிளாஸ் தொங்கிட்டு இருந்த காலம், அப்ப ஒரு பட்டியல் சாதிக்காரருக்கு இந்த மாநிலத்து போலீஸ் பூரா சல்யூட் அடிச்சிருக்கு. அந்த போட்டோ ஏன் யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல? பொது வார்டு கக்கன்னா எல்லாருக்கும் செல்லம். நாற்காலியில உக்காந்து உத்தரவு போடற கக்கன்னா சில பேருக்கு இன்னைக்கும் தொண்டையில எறங்காது. எங்க மாமாவையும் சேத்துத்தான் சொல்றேன், அவர் இதைப் படிப்பார்னு தெரிஞ்சேதான் எழுதறேன்.

சரி, அதிகாரம் இருந்துச்சுன்னா கணக்கும் கேக்கணும்ல. 65 ஜனவரி, இந்தி எதிர்ப்பு. மதுரையிலதான் தீ மொதல்ல பெருசா பத்துச்சு, அப்புறம் சிதம்பரத்துல அண்ணாமலை பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டுல செத்தார், பொள்ளாச்சியிலயும் சூடு, எத்தனையோ உசுரு. உள்துறை யார் கையில? கக்கன் கையில. நல்லவர், காசு தொடாதவர், எல்லாம் சரி, ஆனா அந்தத் துப்பாக்கிக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியவர்தான். முதல்வர் சொன்னார், டெல்லி சொல்லுச்சுன்னு அவரை மட்டும் நைசா நகட்டி விடறது எனக்கு ஒப்பல. அப்படி நகட்டினா அவரை பொம்மை மந்திரின்னு நாமளே சொல்ற மாதிரி ஆயிடுதே. 67ல ஜனம் பதில் சொல்லிட்டாங்க. விருதுநகர்ல காமராஜரே தோத்த எலெக்‌ஷன் அது, எங்க மேலூர்ல திமுகவோட ஓ.பி.ராமன் கக்கனை தோக்கடிச்சார்.

தோத்தப்புறம் கையில ஒண்ணுமில்ல, வாடகை வீடு, பஸ்ஸு, கடைசியில அந்த வார்டு. பத்து வருஷம் மந்திரியா இருந்தவருக்கு ஒழுங்கான வைத்தியம் கெடைக்க ஒரு முதல்வர் தற்செயலா அந்தப் பக்கம் வர வேண்டியிருந்துச்சுன்னா அதுல அவரோட எளிமை எங்க இருக்கு, நம்ம லட்சணம்ல தெரியுது.

இன்னொண்ணு. இதே மேலூர் தாலுகாவுல மேலவளவு. 1997ல, பட்டியல் சாதிக்கு ரிசர்வ் பண்ணின பஞ்சாயத்துல தலைவரா ஜெயிச்சதுக்காக முருகேசனையும் கூட இருந்தவங்களையும் வெட்டிக் கொன்னாங்க. கக்கன் உள்துறை மந்திரியாகி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு அப்ப. எங்க குரூப்ல கக்கனுக்கு வருஷத்துக்கு ரெண்டு ஃபார்வர்டு வருது, மேலவளவு பத்தி இதுவரைக்கும் ஒண்ணு கூட வந்ததில்ல.

இதைத்தான் ராத்திரி குரூப்ல சுருக்கமா டைப் பண்ணிப் போட்டேன். ரெண்டு நீல டிக் வந்துச்சு. காலையில மாமா குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்பியிருக்கார்.