யானை கேட்டவளுக்கு ஆமை வந்தது, அதனால் அழுதாள்

ஞாயிற்றுக்கிழமை மாலை தோக்கியோவின் ஹிபியா தடத்துச் சுரங்க ரயிலில் என் மகள் அழுததைப் பற்றி நான்கு வரியில் ஒரு பதிவு எழுதினேன். பிள்ளையை ஒழுங்காக வளர்க்கத் தெரியவில்லை என்று அதற்குக் கீழே நம்மவர்களின் அறிவுரைகள் வந்து குவிந்தன. இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. இரண்டரை வயதுக் குழந்தை அழுதது. நடந்தது அவ்வளவுதான். அது ஒழுக்கக்கேடு அன்று, விதிமீறலும் அன்று. "இந்தியர்களின் மானம் கப்பலேறிவிட்டது" என்று ஒரு நண்பர் வருந்தியிருந்தார், அந்தச் சுரங்க ரயில் பாதையில் கப்பல் எதுவும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

உயேனோ மிருகக்காட்சிசாலையில் காலையிலிருந்து அவள் சமர்த்தாகவே இருந்தாள். பெரியவர்களுக்கு 600 யென், அவளுக்குக் கட்டணமே இல்லை. யானையின் முன்னால் மட்டும் அரை மணி நேரம் நின்றாள். திரும்பும் வழியில், காசு போட்டுத் திருகினால் பிளாஸ்டிக் உருண்டை விழும் கச்சாபோன் இயந்திரத்தில் யானை பொம்மை வேண்டும் என்றாள். ஆமை விழுந்தது. இன்னொரு முறை திருகினோம், மறுபடியும் ஆமை. அகிஹபரா வரை இரண்டு ஆமைகளையும் வெறித்துப் பார்த்துக்கொண்டு வந்தவள், அங்கிருந்து கயபாச்சோ வரை மூன்று நிலையங்களுக்கு அழுதாள். ஆறேழு நிமிடம் இருக்கும்.

அந்த ஆறேழு நிமிடத்தில் பெட்டியில் இருந்த ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எதிரே இருந்த பெரியவர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வாய் திறந்தவர்கள் நம்மவர்கள்தாம், அதுவும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு. "ஜப்பானியர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள், மனத்துக்குள் நினைத்துக்கொள்வார்கள்" என்கிறீர்கள். இருக்கலாம். மனத்துக்குள் நினைப்பதை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் அந்தப் பழக்கத்தை நீங்களும் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கலாம்.

ரயிலில் ஸ்ட்ரோலரை மடக்கியிருக்க வேண்டும் என்று அதட்டியவர்களுக்கு ஒரு தகவல்: மடக்காமல் ஏறலாம் என்று இந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகமே 2014-இல் தெளிவுபடுத்தி, அதற்கெனத் தனிச் சின்னமும் கொண்டுவந்தது. வழியில் உள்ள நிங்யோச்சோ நிலையத்தில் இறங்கி நடைமேடையில் சமாதானப்படுத்தியிருக்கலாமே என்று ஒரு சகோதரி எழுதியது நியாயம்தான். எனக்குத் தோன்றவில்லை, அடுத்த முறை செய்கிறேன். டாக்சியில் போயிருக்கலாம் என்றவருக்குப் பதில் இல்லை, கட்டணத்தை அவர் அனுப்பிவைத்தால் யோசிக்கலாம். யோகோஹாமாவில் இருபது ஆண்டுகளாக இருக்கும் அண்ணன் ஒருவர், தம் பிள்ளைகள் இருவரும் ரயிலில் ஒரு நாளும் அழுததில்லை என்று எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. அண்ணியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நம்புகிறேன்.

எனக்கு நான்கு வயதிருக்கும்போது செங்கல்பட்டிலிருந்து வண்டலூர் போகும் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைக்கவில்லை என்று நான் ஊரைக் கூட்டியதாக அம்மா இன்றும் சொல்வார். நடத்துநர் தம் விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தாராம். அதற்குப் பிறகு அந்தப் பேருந்து எங்கெங்கோ நின்றதாம். அப்போது யாரும் என் அம்மாவிடம் செங்கல்பட்டு மாவட்டத்தின் மானத்தைப் பற்றிப் பேசவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போன அதே உயேனோவில் 1943-இல், போர்க்காலத்தில், யானைகளைப் பட்டினி போட்டுக் கொன்றார்கள். போர் முடிந்த பின்பு, எங்களுக்கு யானை வேண்டும் என்று தோக்கியோவின் குழந்தைகள் கேட்டு எழுத, நேரு 1949-இல் தம் மகளின் பெயரையே சூட்டி இந்திரா என்ற யானையை அனுப்பினார். யானை வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்ததை அன்று இரண்டு நாடுகள் காதுகொடுத்துக் கேட்டன. என் மகள் அதே இடத்தில் அதே யானையைத்தான் கேட்டாள். அவளுக்கு "வளர்ப்பு சரியில்லை" என்ற பட்டம் கிடைத்தது.

2024-இல் ஏழு லட்சத்துக்கும் குறைவான குழந்தைகளே பிறந்த நாடு இது. குழந்தை அழுதால் பரவாயில்லை என்று சொல்லும் ஸ்டிக்கரைக் கைப்பேசியில் ஒட்டிக்கொள்ளும் ஓர் இயக்கம் இங்கே 2016-இல் தொடங்கியது. அழும் குழந்தையைக் கண்டு எரிச்சல்படுகிறவர்கள் இங்கு இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கிறார்கள். அதனால்தான் அந்த ஸ்டிக்கரே தேவைப்பட்டது. ஆனால் அவர்களுக்காகப் பரிந்து பேச இங்கே இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷிகசாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் இத்தனை பேர் தாமாகவே பதவியேற்றுக்கொண்டதுதான் எனக்கு விளங்கவில்லை. குப்பைத்தொட்டியைக் காண்பதே அரிதான இந்த நகரத்தில், அன்று பயன்படுத்திய டயப்பர் மூன்றையும் பையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்த குடும்பம் எங்களுடையது. ஒழுங்கைப் பற்றி எங்களுக்கா பாடம்?

உண்மையில் என்னைச் சுட்டது வேறு. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவன் நான். அதைப் பதிவிலேயே எழுதியிருந்தேன். இருந்தும் பதினோரு பேர் எழுதியதில் ஒன்பது பேர் கேட்டது, "அம்மா என்ன செய்துகொண்டிருந்தார்?" என்பது. அம்மா ஒரு கையில் ஸ்ட்ரோலரையும் மறு கையில் அந்த டயப்பர் பையையும் பிடித்துக்கொண்டிருந்தார், ஐயா. அன்றிரவு அத்தனையையும் அவள் வரி விடாமல் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரங்களைக் கழுவி முடித்துவிட்டு, "வர்ற ஞாயிறு வீட்டிலேயே இருந்துடலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

இருக்கப்போவதில்லை. கசாய் கடலோரப் பூங்காவின் மீன் காட்சியகத்தில் சூரை மீன் பார்க்கப் போகிறோம், பேருந்தில்தான் போகிறோம். மகள் இப்போதே இரண்டு ஆமைகளையும் பையில் எடுத்துவைத்துவிட்டாள்.