இரண்டு பட்டன் எதற்கு?

தகட்டை அழுத்தி வெட்டுகிற பவர் பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் வைத்திருப்பதே இரண்டு கையும் வெளியே இருந்தால்தான் டை, அதாவது மேலிருந்து அமுக்குகிற அச்சு, இறங்க வேண்டும் என்பதற்காக. எங்கள் ஷாப்பில் ஒரு பட்டனை அமுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். கேட்டால் மணிக்கு 400 பீஸ் வரணும், இரண்டு கையால் அமுக்கினால் 300கூடத் தேறாதாம். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சார் இருக்கிறதே, அடிக்கடி நின்று புரொடக்‌ஷன் கெடுகிறது என்று அதையும் ஆஃப் செய்தாயிற்று. ஆடிட் அன்று மட்டும் டேப் காணாமல் போகும், மறுநாள் காலை ஷிஃப்டிலேயே பழையபடி.

நேற்று நைட் ஷிஃப்டில் பக்கத்து மெஷின் தம்பிக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கான்ட்ராக்ட் பையன், வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ரத்தத்தைத் துடைத்துவிட்டு அரை மணி நேரத்தில் அதே மெஷினில் வேறு ஆளை நிறுத்தினார்கள். போர்டில் அந்த ஒரு மணி நேரத்துக்கு நேராகச் சிவப்பு மையில் 200 பீஸ் குறைவு என்று எழுதினார்கள். விரல் எந்தப் போர்டிலும் இல்லை.

ஆபத்தான பாகத்துக்குத் தடுப்பு கட்டாயம், மெஷின் ஓடும்போது அதை எடுக்கவே கூடாது என்று 2025 வரை நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம் 21ஆம் பிரிவிலேயே இருந்தது. காலை மீட்டிங்கில் அவன் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். டேப்பைச் சுற்றியது அவனா?