அழுக்கு முட்டையை வினிகர் நீரில் ஊறவைக்கலாமா?

கோழி எச்சம் ஒட்டிய முட்டைகளை, வினிகர் கலந்த குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் கிருமிகள் முழுவதும் நீங்கிவிடும் என்று பரவிவரும் தகவல் தவறானது. சொல்லப்போனால், வெளியே இருக்கும் கிருமியை உள்ளே அனுப்பும் வழி அது. முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. முட்டை இடப்பட்டவுடன் உலர்ந்து படியும் மெல்லிய இயற்கைப் பூச்சு ஒன்று அவற்றை மூடிக் காக்கிறது. தன்னைவிடக் குளிர்ந்த நீரில் போடப்படும் முட்டையின் உட்பகுதி சுருங்குவதால், அழுக்கு நீர் அத்துளைகள் வழியே உள்ளிழுக்கப்படக்கூடும். வினிகரோ ஓட்டின் கால்சியம் கார்பனேட்டையே கரைக்கிறது. ஊறும் முட்டையின் மேல் பொடிப்பொடியாய் எழும் குமிழிகள், அழுக்கு வெளியேறுவதன் அடையாளம் அல்ல, ஓடு கரைவதன் அடையாளம்.

லேசான அழுக்கை உலர்ந்த துணியாலோ நைசான உப்புத்தாளாலோ தேய்த்து எடுத்தாலே போதும். கழுவியே தீர வேண்டுமென்றால், முட்டையைவிடக் குறைந்தது 11 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பமுள்ள, 32 டிகிரிக்குக் குறையாத நீரில், ஊறவிடாமல் விரைந்து கழுவி, உடனே துடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பூச்சு போய்விட்ட முட்டை வெளியில் அதிக நாள் தாங்காது. விரிசல் விட்டு, எச்சமும் படிந்த முட்டையைத் தூக்கி எறிந்துவிடுவதே நல்லது. அதில் சிக்கனம் பார்க்க ஒன்றுமில்லை. முட்டையிடும் பெட்டியில் வைக்கோலை அடிக்கடி மாற்றுபவர்களுக்கு இந்த வேலையே பெரும்பாலும் மிச்சம்.