"கேட்டிருந்தா படிச்சுக் காட்டியிருப்போமே"

நம் அலுவலகத்தில் நடந்த அந்தப் பயிற்சிச் சுற்றறிக்கை விவகாரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் படமாக வந்தது. திங்கட்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். பட்டியலில் விடுபட்டது பார்வையற்ற ஊழியரின் பெயர் மட்டும். ஏன் என்று கேட்டதற்குத்தான் இந்தப் பதில்: "கேட்டிருந்தா படிச்சுக் காட்டியிருப்போமே."

எதைக் கேட்பது? அவர் போனில், திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் சொன்னது 'போட்டோ' என்ற ஒரே சொல். காலை வணக்கப் பூங்கொத்துக்கும் அது அதையேதான் சொல்லும்.

வேர்டில் அடித்ததை அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்யும்போது எழுத்தெல்லாம் படமாகிவிடுகிறது. ஸ்கேனர் பொத்தானை அழுத்துவது நாம்தானே? கையெழுத்துப் பிரதியும் போகட்டும், யார் வேண்டாமென்றது? கூடவே வேர்டு கோப்பையும் இணையுங்கள். வாட்ஸ்அப்பில் என்றால் படத்துக்குக் கீழே பொருள், இடம், தேதி, கடைசி நாள் என நான்கு வரி அடியுங்கள்.

அனுப்புமுன் பிடிஎஃப்பைத் திறந்து, கன்ட்ரோல்-எஃப் அழுத்தி, கண்ணெதிரே உள்ள நாலைந்து சொற்களைத் தேடிப் பாருங்கள். எதுவுமே அகப்படாவிட்டால் அநேகமாக அது வெறும் படம். ('கொ', 'கோ' வரும் சொற்களை விட்டுவிடுங்கள். தமிழைத் தமிழெழுத்தாகவே பதியும் யுனிகோடில் அடித்ததுகூட பிடிஎஃப் ஆகும்போது கொம்பும் காலும் இடம் மாறுவதுண்டு. வேர்டு கோப்பைக் கேட்பது அதற்காகவும்தான்.)

அந்த வேர்டு கோப்பும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தால் பயனில்லை. நாம் 'அம்மா' என்று பார்க்கும் இடத்தில் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஆங்கில விசைகள். திரைவாசிப்பான் அதைத்தான் உளறும். யுனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள். நம்பிக்கை இல்லையா? என்விடிஏ என்ற கணினித் திரைவாசிப்பான் இலவசம். நிறுவிவிட்டு, மானிட்டரை அணைத்து, உங்கள் சுற்றறிக்கையை நீங்களே காதால் படியுங்கள்.

"இது ஐடி செக்‌ஷன் வேலை" என்பார்கள். குழுவில் படத்தைப் போட்டது ஐடி செக்‌ஷனா? "ஒருத்தருக்காகவா இவ்வளவும்?" என்பவருக்குப் பதில் எழுத எனக்குப் பொறுமையில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 20ஆம் பிரிவைப் படிக்கட்டும். அரசு அலுவலகம் தடையற்ற சூழலைத் தந்தாக வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் சட்டம் வந்து அந்த நான்கு வரியை அடித்துத் தராது.

உண்மையில் சுடுவது அந்தப் 'படிச்சுக் காட்டுவோம்'தான். சம்பளப் பட்டியல், மெமோ, மருத்துவ விடுப்புக் கடிதம் எல்லாவற்றையும் பக்கத்து மேசைக்காரர் உரக்கப் படிக்க, செக்‌ஷன் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் மெமோவை அப்படிப் படிக்க விடுவீர்களா? தன் கடிதத்தைத் தானே முதலில் படிப்பது அவ்வளவு பெரிய சலுகையா? நன்றி வேறு சொல்ல வேண்டுமாம்.

போன டிசம்பர் 3ஆம் தேதி மாற்றுத்திறனாளிகள் தின வாழ்த்து வந்ததே, ரோஜாப்பூ போட்டு, தங்க எழுத்தில். அதுவும் படம்தான்.