முகத்தை எடிட்டிங்கில் மறைக்கலாம் என்று நினைக்காதீர்கள்

மனித உரிமை ஆவணப்படம் எடுக்க ஆசைப்படும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது எந்தக் கேமரா வாங்கலாம் என்பதுதான். எந்தக் கேமராவாக இருந்தாலும் பரவாயில்லை. உங்களை நம்பிப் பேசியவர் படம் வெளிவந்த மறுநாளும் அதே வேலைக்குப் போக வேண்டும், அதே வீட்டில் பயமில்லாமல் தூங்க வேண்டும். அதற்கு வழி செய்யத் தெரியாமல் இந்தத் தொழிலில் இறங்காதீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

முதலில் சட்டம். நம் மலேசியாவின் 2002ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் 6ஆம் பிரிவை உட்கார்ந்து படியுங்கள். தணிக்கை வாரியம் அனுமதிக்காத படத்தைத் திரையிடுவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதும் அந்தச் சட்டத்தின் பார்வையில் ‘படம்’தான். இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ஆவணப்படம் 2013 ஜூலை 3ஆம் தேதி கோலாலம்பூர் சிலாங்கூர் சீன அசெம்பிளி மண்டபத்தில் திரையிடப்பட்டதே, அந்த வழக்கு நம்மில் பலருக்கு நினைவிருக்கும். படத்தை எடுத்தவர் பிரிட்டிஷ் இயக்குநர். நீதிமன்றத்தில் நின்றவர் திரையிடலை ஏற்பாடு செய்த கோமாஸ் என்ற மனித உரிமை அமைப்பின் லீனா ஹென்றி. 2016 மார்ச்சில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. 2017 பிப்ரவரியில் குற்றவாளி என்று தீர்ப்பு, மார்ச்சில் 10,000 ரிங்கிட் அபராதம். நம் மக்களின் சாவைப் பற்றிய ஒரு படத்தை ஒரு மாலைப்பொழுது காட்டியதற்கு மூன்றரை ஆண்டு நீதிமன்ற அலைச்சல்.

கேமராவே இல்லாமல் எடுத்தாலும் தப்பவில்லை. போலீஸ் லோக்காப்பில் ஒரு பையன் சித்திரவதை செய்யப்பட்டதாகச் சொல்லும் அனிமேஷன் குறும்படத்திற்காக 2021 ஜூலை 2ஆம் தேதி, அதை வெளியிட்ட ஃப்ரீடம் ஃபிலிம் நெட்வொர்க் அமைப்பின் அலுவலகத்திலும், வரைந்த ஓவியர் வீட்டிலும் போலீஸ் சோதனை நடத்தியது. சாட்சியைக் காப்பாற்ற அனிமேஷன் நல்ல வழி, சந்தேகமே இல்லை. எடுத்தவரை அது காப்பாற்றாது.

சோதனை என்று வந்தால் முதலில் போவது கணினியும் ஹார்ட் டிஸ்க்கும். “பாஸ்வர்ட் போட்டுப் பூட்டியிருக்கிறோம்” என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 249ஆம் பிரிவின்படி, சோதனைக்கு வரும் அதிகாரி பாஸ்வர்டையும் கேட்கலாம். படத்தில் நீங்கள் மங்கலாக்கிய முகம், மூல ஃபுட்டேஜில் பளிச்சென்று உட்கார்ந்திருக்கும். எடிட்டிங் மென்பொருள் தானாக உருவாக்கும் ப்ராக்ஸி கோப்புகளிலும், அதாவது மூலத்தின் சின்னப் பிரதிகளிலும், இருக்கும். அதனால்தான் சொல்கிறேன்: மறைக்க வேண்டிய முகம் கேமராவுக்குள்ளேயே போகக்கூடாது.

ஜன்னலுக்கு முன்னால் உட்காரவைத்துக் கறுப்பு உருவமாக எடுத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. இன்றைய கேமராக்களில் லாக் (Log) எனப்படும், நிழலிலும் விவரத்தைச் சேமித்து வைக்கும் அமைப்பில் எடுத்தால், கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் இடத்திலும் விவரம் ஒளிந்திருக்கும். எடிட்டிங்கில் நிழற்பகுதியைக் கொஞ்சம் தூக்கினால் மூக்கு, உதடு, கண்ணாடி எல்லாம் எழுந்து வந்துவிடும். எனவே லாக் வேண்டாம், சாதாரண பிக்சர் ப்ரொஃபைல் போதும். எக்ஸ்போஷரை முகத்துக்கு வைக்காமல் பின்னால் இருக்கும் வெளிச்சத்துக்கு வையுங்கள். அறையின் மற்ற விளக்குகளை அணையுங்கள். கேமராவுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சுவரே விளக்காகி முகத்தில் வெளிச்சம் அடிக்கும். யூனிட்டில் யாரும் வெள்ளைச் சட்டை போட வேண்டாம். பேட்டி தொடங்குமுன் பத்து வினாடி எடுத்து, அங்கேயே லேப்டாப்பில் போட்டு நிழலை முழுக்கத் தூக்கிப் பாருங்கள். மூக்கு தெரிந்தால் எடுத்தது செல்லாது. இவ்வளவு மெனக்கெட முடியாவிட்டால் குரலை மட்டும் பதிவு செய்யுங்கள்.

கையை மட்டும் காட்டுவது இன்னொரு வழி. மோதிரம், பச்சை குத்தியது, தழும்பு, கையில் கட்டிய கோயில் கயிறு, தொழிற்சாலைச் சீருடையின் ஓரம், ஒவ்வொன்றும் அடையாளம் சொல்லும். நம் வீடுகளில் சுவரைப் பார்க்க மறக்காதீர்கள். மளிகைக் கடை கொடுத்த தினசரிக் காலண்டரில் கடையின் பெயர், தாமான் (குடியிருப்புப் பகுதி), தொலைபேசி எண் எல்லாம் அச்சிட்டிருக்கும். ஒரே ஒரு ஃப்ரேமில் விழுந்தால் போதும், முதலாளிக்கு ஆள் யார் என்று புரிந்துவிடும்.

குரலையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். குரலின் சுருதியை (பிட்ச்) மாற்றியதைத் திரும்பப் பழையபடி மாற்றலாம். மாற்ற முடியாவிட்டாலும் பேச்சு நடையை வைத்தே சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். சொன்னதை அப்படியே எழுதி, வேறொருவரைப் பேசவைப்பதே பாதுகாப்பு. பின்னணியில் எல்ஆர்டி ரயில் நிலைய அறிவிப்போ பள்ளி மணியோ கேட்டால் வட்டாரம் தெரிந்துவிடும். கைப்பேசியில் எடுத்த காட்சியில் இருப்பிடத் தகவல் ஒட்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் அது கூடவே போகும். எடுக்குமுன்பே அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள்.

இவ்வளவும் மறைய விரும்புகிறவர்களுக்கு. எல்லோரும் மறைய விரும்புவதில்லை. தடுப்புக் காவலில் மகனைப் பறிகொடுத்த தாய், தன் முகமும் பெயரும் தெரியத்தான் பேச வருகிறார். அவர் முகத்தை நாமாக மங்கலாக்கினால் அதுவும் ஓர் அவமதிப்பு. என்னென்ன நடக்கலாம் என்று விளக்கிச் சொல்வது நம் கடமை, முடிவு அவருடையது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் இந்தப் பேச்சே இல்லை, சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதைக் கட்டுப்படுத்தும் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சம்மதத்தை மூன்று முறை கேளுங்கள். கேமரா திறக்குமுன் ஒருமுறை. பேசி முடித்தவுடன், “அக்கா, இதில் எதை எடுத்துவிடணும்?” என்று ஒருமுறை. எடிட் செய்த முதல் வடிவம் தயாரானதும் அவருக்குப் போட்டுக் காட்டி ஒருமுறை. மூன்றாவதுதான் உண்மையான சம்மதம், ஏனென்றால் படத்தில் தனக்கு முன்னும் பின்னும் யார் பேசுகிறார்கள், தன் வார்த்தை எங்கே வருகிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரியும். படிவம் தமிழில் இருக்கட்டும். பெயரும் கையெழுத்தும் உள்ள தாள், ஃபுட்டேஜ் இருக்கும் இடத்தில் இருக்கக்கூடாது. வழக்கறிஞரிடம் கொடுத்து வையுங்கள்.

சாட்சி சொன்னதற்குக் காசு கொடுக்காதீர்கள், நாளை நீதிமன்றத்தில் அதையே பிடித்துக்கொள்வார்கள். இழந்த ஒருநாள் கூலியைக் கொடுக்கத்தான் வேண்டும். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்றால் வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு நாளைக்கு 65.38 ரிங்கிட். அதோடு போக்குவரத்து, சாப்பாடு. ரசீது வையுங்கள்.

உங்கள் வருமானம்? கோலாலம்பூர் வாடகையை இந்தப் படங்கள் கட்டாது. கல்யாண வீடியோவும் கம்பெனி வீடியோவும்தான் கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வேலைக்கு ஒரு டிஸ்க், இந்த வேலைக்கு வேறு டிஸ்க். 4கேயில் 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் மணிக்கு 45 ஜிகாபைட் ஆகும். மூன்று பிரதி என்று கணக்குப் போட்டே டிஸ்க் வாங்குங்கள், ஒரு பிரதியாவது வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

இணையத்தில் ஏற்றும்போது யார் கணக்கில் ஏற்றுகிறீர்கள் என்று பாருங்கள். சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு, இணையப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே வெளியிட்டவர் என்று எடுத்துக்கொள்கிறது. பேசியவரின் மகன் ஆர்வமாக வந்து தன் சேனலில் போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளியீட்டுத் தேதியைப் பேசியவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். வேலையிடத்தில் கேள்வி வந்தால் என்ன பதில் சொல்வது, யாரைக் கூப்பிடுவது என்று உட்கார்ந்து பேசி, வழக்கறிஞரின் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள். கைப்பேசியைப் பறித்துக்கொண்டால் அந்த எண் அவர் பையில் இருக்க வேண்டும்.